கமிட்டி சொன்னதும் செக்ரட்டரி எழுதியதும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைச் சுற்றியே இருந்தன. ஒருவர் பேசியதை, நினைத்ததை ஆங்கிலத்தில் இன்னொருவருக்குச் சொல்லும்போது வில் ஏன் வுட் ஆகிறது, மஸ்ட் என்ன ஆகிறது, குட் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதுதான் அது. அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். பாஸ்போர்ட் விண்ணப்பம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பள்ளி ஆசிரியை அல்ல. டைப்பிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர் இரண்டையும் முடித்துவிட்டு மும்பை மாட்டுங்காவில் சித்தப்பா வீட்டில் வந்து இறங்கி, பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். அடுத்தவர் பேச்சை எழுதியே பிழைத்திருக்கிறேன். இலக்கணப் புத்தகம் கேட்பதைவிட, கூட்டத்தில் நடந்ததைப் பதிந்து வைக்கும் மினிட்ஸ் புத்தகம் கேட்பதைத்தான் அதிகம் சொல்வேன்.

செம்பூரிலிருந்து ஒரு ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி: ஜூலையில் நடந்த எங்கள் பொதுக்கூட்டத்தில் சேர்மன், 'தி லிஃப்ட் வில் பி ரிப்பேர்ட் பிஃபோர் கண்பதி' என்றார் (கண்பதி என்றால் இங்கே பிள்ளையார் சதுர்த்தி). மினிட்ஸில் நான், 'தி சேர்மன் ஸ்டேட்டட் தட் தி லிஃப்ட் வுட் பி ரிப்பேர்ட் பிஃபோர் கண்பதி' என்று எழுதினேன். மூன்றாம் மாடிக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். சேர்மன் உறுதியாகச் சொன்னதை நான் வுட் போட்டுச் சந்தேகமாக்கிவிட்டேனாம், அவர் நழுவ வழி செய்து கொடுத்துவிட்டேனாம். எழுத்திலேயே புகார் கொடுத்திருக்கிறார். வில் என்று மாற்றிவிடட்டுமா?

மாற்ற வேண்டாம் சார். நீங்கள் எழுதியதுதான் சரி.

தமிழில், 'கண்பதிக்குள் லிஃப்ட் சரியாகிவிடும் என்று சேர்மன் சொன்னார்' என்போம். 'என்று' போட்டாயிற்று என்றால் அதற்கு முன்னால் இருப்பது அவர் வாயிலிருந்து வந்தபடியே இருந்துவிட்டுப் போகலாம். எதிர்காலம் எதிர்காலமாகவே நிற்கும். ஆங்கிலத்தின் 'தட்' அந்த வேலையைச் செய்யாது. அங்கே எழுதுகிறவர் எந்த நாளில் உட்கார்ந்து எழுதுகிறாரோ அந்த நாளிலிருந்து திரும்பிப் பார்த்து வினையை மாற்ற வேண்டும். 'ஸ்டேட்டட்' என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டீர்கள். அப்புறம் வில் வுட் ஆகும், கேன் குட் ஆகும், மே மைட் ஆகும். சேர்மனின் உறுதியில் ஒரு துளிகூட இதனால் குறையவில்லை. மாறியது காலம் மட்டும்தான்.

சரி, மூன்றாம் மாடிக்காரர் ஏன் இப்படிப் படித்தார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். வுட்டுக்கு இரண்டு வேலை. வில்லின் இறந்தகாலமாக நிற்பது ஒன்று. 'அப்படி நடந்தால் இப்படி ஆகும்' என்ற நிபந்தனைப் பேச்சிலும் பணிவான கோரிக்கையிலும் வருவது இன்னொன்று. போதாததற்கு நம் நாட்டு நோட்டீஸ்கள் வேறு. உங்கள் சொசைட்டி கேட்டிலேயே, 'வாட்டர் சப்ளை வுட் பி க்ளோஸ்ட் ஆன் தர்ஸ்டே' என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், போய்ப் பாருங்கள். வில் போட்டால் அதட்டுவது போல இருக்கிறது, வுட் போட்டால் மரியாதை என்று நினைத்து எழுதுகிறார்கள். இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே இதை மொழி ஆராய்ச்சிக்காரர்கள் குறிப்பிடுகிறார்கள். அங்கே முன்னால் 'சொன்னார்' என்று யாரும் இல்லை. திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. ஆகவே அங்கே வில்தான் வேண்டும். 'தண்ணீர் வராது' என்பதை 'தண்ணீர் வராமல் இருக்கக்கூடும்' என்று எழுதினால் யார் பக்கெட்டில் பிடித்து வைப்பார்கள்? இப்படிப்பட்ட நோட்டீஸ்களைப் படித்துப் படித்து, வுட் என்றாலே வழுக்கல் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மினிட்ஸில் உள்ள வுட் அந்த வுட் அல்ல என்று அவருக்குச் சொல்லுங்கள்.

சேர்மனைக் கட்டிப்போட வேண்டும் என்பதுதான் அவர் குறி என்றால் அதற்கு இடம் வேறு. 'ஸ்டேட்டட்' இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'அஷ்யூர்ட் தி மெம்பர்ஸ் தட்' என்றால் உறுதி கூறினார். 'அண்டர்டுக் டு' என்றால் பொறுப்பேற்றுக்கொண்டார். 'ஹோப்ட் தட்' என்றால் ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அவர் உறுதி கூறினாரா, ஒப்புக்குச் சொன்னாரா என்பது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குத்தான் தெரியும். சொல்லாத உறுதியை மினிட்ஸில் ஏற்றக்கூடாது, சொன்னதை இறக்கவும் கூடாது.

இதைவிட ஆபத்தான இடம் மே. உங்கள் டிரெஷரர், 'மெயின்டெனன்ஸ் மே கோ அப்' என்றிருந்தால் மினிட்ஸில் 'மைட் கோ அப்'. அங்கே அவசரத்தில் வுட் போட்டுவிட்டால் 'ஏறலாம்' என்பது 'ஏறும்' ஆகிவிடும். இதில் எங்கள் ஆபீஸில் நடந்த கூத்து ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பிரின்ஸஸ் டாக், விக்டோரியா டாக் இரண்டிலும் கடல்நீர் ஏறும் வேளையில்தான் கப்பல் உள்ளே நுழைய முடியும். அந்த வேளையைத் தவறவிட்டால் அடுத்த ஏற்றம் வரை வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருநாள் கப்பல் கேப்டனிடமிருந்து 'ஷி மே மிஸ் தி டைட்' என்று தகவல் வந்தது. கப்பல்காரர்கள் பேச்சில் கப்பல் 'ஷி', கேப்டன் 'மாஸ்டர்'. அதைச் சரக்குக்காரர்களுக்குத் தெரிவித்த ஒருவர், 'மாஸ்டர் அட்வைஸ்ட் ஷி வுட் மிஸ் தி டைட்' என்று டெலக்ஸ் அடித்துவிட்டார். அவர்கள் வரவழைத்திருந்த லாரிகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பலோ சமர்த்தாக அந்த ஏற்றத்திலேயே உள்ளே வந்து நின்றது. லாரி வாடகைக்கு யார் பொறுப்பு என்று மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. அத்தனையும் நான்தான் டைப் அடித்தேன். இலக்கணப்படி அந்த டெலக்ஸில் ஒரு பிழையும் கிடையாது. சொன்னவரின் நிச்சயத்தை ஒரு படி கூட்டிவிட்டார், அதுதான் வினை.

அப்புறம், தீர்மானத்தை இதோடு குழப்பாதீர்கள். 'ரிசால்வ்ட் தட் தி லிஃப்ட் பி ரிப்பேர்ட்' என்பது யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வதல்ல. கூட்டம் அங்கேயே செய்த முடிவு. அதில் வுட்டுக்கு வேலையே இல்லை. மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் 30க்குள் முடித்தாக வேண்டும். ஆகவே மும்பையில் பாதி செக்ரட்டரிகள் இப்போது இதே பாட்டோடுதான் இருப்பார்கள். உங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் மூன்றாம் மாடிக்காரரின் ஆட்சேபணையையும் பதிவு செய்துவிடுங்கள். 'எ மெம்பர் அப்ஜெக்டட் தட் தி வேர்ட் வுட் வாஸ் டூ வீக்' என்று எழுதினால் போதும்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு மாணவி: பேங்க் தேர்வுக்குப் படிக்கிறேன் ஆன்ட்டி. கோச்சிங் கிளாஸில், 'இன்டைரக்ட் ஸ்பீச்சில் மஸ்ட் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹேட் டு போடு' என்றார்கள். 'ஹி மஸ்ட் பி டயர்ட், ஷி செட்' என்பதற்கு, 'ஷி செட் ஹி ஹேட் டு பி டயர்ட்' என்று எழுதினேன். அண்ணா சிரிக்கிறான். ஏன்?

அண்ணா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நீ எழுதியது, அவர் களைத்திருந்தே ஆக வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டது போல ஒலிக்கிறது. மஸ்ட்டில் இரண்டு ரகம். ஒன்று கட்டாயம், இன்னொன்று ஊகம். கட்டாயத்துக்கு ஹேட் டு வரலாம். ஊகத்துக்கு மஸ்ட் அப்படியே இருக்கட்டும். 'ஷி செட் ஹி மஸ்ட் பி டயர்ட்.' ஊகத்துக்கும் ஹேட் டு பி போடுகிறவர்கள் ஆங்கிலப் பேச்சில் உண்டு, அமெரிக்கப் பேச்சில் அதிகம். ஆனால் விடைத்தாள் திருத்துகிறவரிடம் அந்த வாதத்தை வைத்துக்கொள்ளாதே.

வில்லுக்கு வுட் இருப்பது போல மஸ்ட்டுக்கு ஏன் ஒன்று இல்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும். மஸ்ட்டே ஒரு காலத்தில் இறந்தகால வடிவம்தான். பழைய ஆங்கிலத்தில் 'மோட்' என்று ஒரு வினை இருந்தது. அதன் இறந்தகாலம் 'மோஸ்டெ'. காலப்போக்கில் மோட் வழக்கொழிந்து போக, மோஸ்டெ மஸ்ட் ஆகி நிகழ்காலத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலும் பின்னால் போக அதற்கு வேறு வடிவம் இல்லை. ஆட் டு கதையும் இதேதான். 'ஓ' என்கிற, கடன்படுவதைச் சொல்லும் வினையின் பழைய இறந்தகாலம் அது. வுட், ஷுட், மைட், குட் எல்லாமே பிறப்பால் இறந்தகாலம். அதனால்தான் ஒருவர் ஏற்கனவே 'யூ ஷுட் ரெஸ்ட்' என்று சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லும்போதும் ஷுட்டே நிற்கும். ஒரு உபரிச் செய்தி: குட் என்ற சொல்லில் வாய்க்கு வராத 'எல்' எழுத்து ஒன்று இருக்கிறதே, அது பிறவியிலேயே இருந்ததல்ல. வுட், ஷுட் இரண்டிலும் இருக்கிறதே என்று பார்த்துப் பின்னால் சேர்த்தது.

கட்டாயத்திலும் காலம் பார்க்க வேண்டும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் உன்னைப் பிடித்து, 'யூ மஸ்ட் பே தி ஃபைன்' என்றால், 'ஹி செட் ஐ ஹேட் டு பே'. தோழி, 'யூ மஸ்ட் கம் டு தி வெட்டிங் நெக்ஸ்ட் மந்த்' என்றால் ஹேட் டு ஒட்டாது. அங்கே கட்டாயம் இல்லை, பிரியம்தான் இருக்கிறது. மஸ்ட்டையே விட்டுவிடு, அல்லது 'இன்சிஸ்டட் தட் ஐ கம்' என்று வினையை மாற்று. சட்டம், பொதுநீதி போல எப்போதும் இருப்பதைச் சொன்னாலும் மஸ்ட்டே நிற்கலாம்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடத்தை உன் கிளாஸில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மஸ்ட் நாட். டாக்டர் உன் பாட்டியிடம், 'யூ மஸ்ட் நாட் டேக் சால்ட்' என்கிறார். மஸ்ட்டுக்கு ஹேட் டு என்று பழகிய கை, 'தி டாக்டர் செட் ஷி டிட் நாட் ஹேவ் டு டேக் சால்ட்' என்று எழுதிவிடும். இதற்கு அர்த்தம், உப்பு சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை, இஷ்டம் போல் செய்துகொள்ளலாம் என்பது. பாட்டிக்குக் கொண்டாட்டம், ரத்த அழுத்தத்துக்கு அதைவிடக் கொண்டாட்டம். 'ஷி மஸ்ட் நாட் டேக் சால்ட்' என்றே விடு, இல்லாவிட்டால் 'ஷி வாஸ் நாட் டு டேக் சால்ட்'. டோன்ட் ஹேவ் டு, நீட்ன்ட் என்று யாராவது சொன்னால் மட்டும் டிட் நாட் ஹேவ் டு.

வாஷியிலிருந்து ஒருவர்: 'ஐ குட் மீட் தி கிளையன்ட் யெஸ்டர்டே' என்று ரிப்போர்ட் அனுப்பினேன். மேனேஜர் சிவப்பில் கோடு போட்டுவிட்டார். 'கேன்' என்பதன் இறந்தகாலம் குட்தானே?

ஆமாம், ஆனால் பொதுவான திறமைக்குத்தான். 'சின்ன வயதில் என்னால் நீச்சலடிக்க முடியும்' என்பதற்கு குட். நேற்று ஒருமுறை நடந்து முடிந்த காரியத்துக்கு 'வாஸ் ஏபிள் டு', 'மேனேஜ்ட் டு', அல்லது வெறுமனே 'மெட்'. நீங்கள் அனுப்பியதைப் படிக்கிறவருக்குச் சந்தித்தீர்களா, சந்திக்க வாய்ப்பு மட்டும் இருந்ததா என்று புரியாது. எதிர்மறையில் இந்தத் தகராறு இல்லை. 'குட் நாட் மீட்' என்றால் சந்திக்க முடியவில்லை, அவ்வளவுதான். கிளையன்ட், 'ஐ கேன் மீட் யூ அட் த்ரீ' என்று சொன்னதைத் தெரிவிக்கிறீர்கள் என்றால், 'ஹி செட் ஹி குட் மீட் அஸ் அட் த்ரீ' சரி.

மாட்டுங்காவில் டியூஷன் எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்: பழைய இலக்கண நூல்களில் தன்மைக்கு ஷல், மற்றவற்றுக்கு வில் என்று படித்து வளர்ந்தவன் நான். பிறர் கூற்றாக மாற்றும்போது ஷல்லை ஷுட் ஆக்குவதா, வுட் ஆக்குவதா? பிள்ளைகள் கேட்டால் திணறுகிறேன்.

ஐயா, உங்களுக்கு நான் சொல்வதா என்று கூச்சமாக இருக்கிறது. நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1942 ஆகஸ்ட் 8 அன்று கோவாலியா டேங்க் மைதானத்தில், இப்போது ஆகஸ்ட் க்ராந்தி மைதானம் என்கிறோமே அங்கே, காந்திஜி 'கரேங்கே யா மரேங்கே' என்றார். அந்தப் பேச்சின் ஆங்கில வடிவத்தில், 'வீ ஷல் ஐதர் ஃப்ரீ இண்டியா ஆர் டை இன் தி அட்டெம்ப்ட்' என்று வருகிறது. இதை, 'காந்திஜி செட் தட் தே வுட் ஐதர் ஃப்ரீ இண்டியா ஆர் டை இன் தி அட்டெம்ப்ட்' என்றுதான் மாற்ற வேண்டும். 'தே ஷுட்' போட்டுப் பாருங்கள். சபதம் போய், பக்கத்தில் நின்று அறிவுரை சொல்வது போல ஆகிவிடும். சுயராஜ்யத்தைப் பற்றித் திலகர் சொன்ன 'ஐ ஷல் ஹேவ் இட்' என்பதும் அப்படித்தான். 'ஹி வுட் ஹேவ் இட்.' 'ஹி ஷுட் ஹேவ் இட்' என்றால் சுயராஜ்யத்தை அவருக்கு யாரோ சிபாரிசு செய்கிறார்கள்.

ஆகவே, எதிர்காலத்தையோ உறுதியையோ சொல்லும் ஷல்லுக்கு வுட். தன்மை படர்க்கையாக மாறும்போது நீங்கள் படித்த பழைய விதியும் அதையேதான் கேட்கிறது. ஷுட் வரும் இடம் கேள்வி. 'ஷல் ஐ க்ளோஸ் தி விண்டோ?' என்று ஒரு பிள்ளை கேட்டால், 'ஹி ஆஸ்க்ட் வெதர் ஹி ஷுட் க்ளோஸ் தி விண்டோ'. அங்கே அவன் கேட்பது எதிர்காலத்தை அல்ல, உங்கள் விருப்பத்தை. 'வுட் யூ', 'குட் யூ' என்று தொடங்கும் கோரிக்கைகளை அப்படியே மாற்றப் பார்க்க வேண்டாம் என்றும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 'ஆஸ்க்ட் ஹிம் டு' என்று முடித்துவிடலாம். உதவியாகக் கேட்டதை, 'அவனால் முடியுமா என்று விசாரித்தார்' என்று எழுதுகிற கொடுமையைப் பல விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன்.

முலுண்டிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: என் கொழுந்தனார் திருநெல்வேலியிலிருந்து போன் செய்து, 'டிக்கெட் கிடைத்திருந்தால் வந்திருப்பேன் மதினி' என்றார். அதை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஆங்கிலத்தில் போட்டேன், 'ஹி செட் ஹி வுட் கம் இஃப் ஹி காட் டிக்கெட்' என்று. என் நாத்தனார் மகன் அவரை அழைத்துவர விடிகாலையில் குர்லா டெர்மினஸ் போய் நின்றுவிட்டான். தப்பு என் பேரிலா, அவன் பேரிலா?

பையன் படித்தது சரிதான் அம்மா. நீங்கள் போட்டது, 'டிக்கெட் கிடைத்தால் வருவேன் என்றார்' என்பது. கதவு இன்னும் திறந்திருக்கிறது. நீங்கள் சொல்ல நினைத்தது மூடிய கதவு. 'ஹி வுட் ஹேவ் கம் இஃப் ஹி ஹேட் காட் எ டிக்கெட்.' ஹேவ் வந்துவிட்டால் காரியம் நடக்கவில்லை என்று அர்த்தம். நம் 'இருப்பேன்' செய்கிற வேலை அது. இந்த வுட் ஹேவ், குட் ஹேவ் வகையறா எல்லாம் செட்டுக்குப் பின்னால் வந்தாலும் மேலும் மாறாது. மாற இடம் கிடையாது. மற்றபடி குடும்ப குரூப்பில் தமிழிலேயே போடலாமே, எதற்கு வம்பு?

கோரேகாவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்: தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறேன். பாத்திரம் மனதுக்குள் நினைப்பது வரும்போதெல்லாம் 'ஹி தாட்' போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. விட்டுவிட்டால் ஆசிரியர் சொல்கிறாரா, பாத்திரம் நினைக்கிறதா என்று தெரியாமல் போகாதா?

போகாது. வுட்டும் மஸ்ட்டும் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கேள்விதான் இந்த மூட்டையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சயான் ஸ்டேஷனில் ஒருவர் மனைவிக்காகக் காத்திருக்கிறார் என்று வையுங்கள். தமிழில் இப்படி எழுதுவோம்: 'கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரம் தாதரைத் தாண்டியிருப்பாள். கூட்டத்தில் ஏற முடியாமல் ஒரு வண்டியை விட்டிருக்க வேண்டும். ஒரு போன் பண்ணியிருக்கலாம். நாளைக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும்.' எங்கேயும் 'என்று நினைத்தார்' இல்லை. ஆனாலும் முதல் வாக்கியம் தவிர எல்லாம் அவர் மனசு என்று நமக்குத் தெரிகிறது.

ஆங்கிலத்திலும் அப்படியே செய்யலாம். 'ஹி லுக்ட் அட் தி க்ளாக். ஷி வுட் பி பாஸ்ட் தாதர் பை நௌ. ஷி மஸ்ட் ஹேவ் மிஸ்ட் எ ட்ரெய்ன். ஷி குட் ஹேவ் ரங். டுமாரோ ஹி வுட் டெல் ஹர்.' இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். அவர் மனதுக்குள் ஓடியது 'ஷி வில் பி பாஸ்ட் தாதர்'. கதை இறந்தகாலத்தில் நடப்பதால் வில் வுட் ஆகிவிட்டது. மஸ்ட் ஹேவ், குட் ஹேவ் இரண்டும் அசையவில்லை. 'ஐ' 'ஹி' ஆகிவிட்டது. ஆனால் நௌவும் டுமாரோவும் அப்படியே இருக்கின்றன. மினிட்ஸில் நான் டுமாரோவை விட்டுவைத்தால் என் மேலதிகாரி காகிதத்தைக் கிழித்திருப்பார், 'தி ஃபாலோயிங் டே' என்று மாற்றியே ஆக வேண்டும். கதையில் அதை மாற்றினால் உயிர் போய்விடும். வினையில் கதைசொல்லியின் காலம், நாளைக்கும் இப்போதுக்கும் பாத்திரத்தின் காலம், இரண்டும் ஒரே வாக்கியத்தில். ஆங்கில நாவல்காரர்கள் இருநூறு வருஷமாக இந்த வித்தையை வைத்துத்தான் நம்மை மயக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஷி குட் ஹேவ் ரங் என்பதைத் தனியாகக் கவனியுங்கள். அவளால் முடிந்திருக்கும் என்ற தகவலை அது சொல்லவில்லை, மனத்தாங்கலைச் சொல்கிறது. 'பண்ணியிருக்கலாம்' என்பதிலும் அதேதான். ஒன்றுக்கு ஒன்று நேராக உட்காரும் இடங்கள் அபூர்வமாகத்தான் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள். குட் இருக்கும் இடத்தில் மைட் போட்டால் இன்னும் கொஞ்சம் குத்தலாக இருக்கும். 'ஷி மைட் ஹேவ் ரங்' என்று என் பழைய மேலதிகாரி சொன்னால், யாருக்கோ அன்று டோஸ் உண்டு என்று அர்த்தம்.

எப்போது ஹி தாட் வேண்டும்? பத்தியில் இரண்டு பேர் மனசு கலந்துவிட்டால் வேண்டும். பத்தி தொடங்கும்போது ஒன்று போட்டுவிட்டு மீதியை விட்டுவிடுவது என் யோசனை.

உங்களுக்கு நிஜமாகவே கஷ்டம் தரப்போவது வினையின் வாலில் ஒட்டும் 'ஆம்'. 'ஊரிலிருந்து மாமா வருகிறாராம்.' சொன்னவர் யார் என்று இல்லை, நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டது, கொஞ்சம் நக்கலும் இருக்கலாம். ஆங்கில வினையில் அப்படி ஒட்ட ஒன்றும் கிடையாது. 'ஹி இஸ் சப்போஸ்ட் டு பி கமிங்' ஓரளவு கிட்டே வரும், ஆனால் வந்தாக வேண்டியவர் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொள்ளும். 'அப்பேரன்ட்லி' நக்கலுக்கு நன்றாக வரும். கிராமத்துப் பாட்டி வாயில் அப்பேரன்ட்லியை வைக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்டுக்கொள்வேன். 'தே ஸே' அவளுக்குப் பொருந்தும்.

ஐரோலியில் கால் சென்டரில் வேலை பார்க்கும் இளைஞர்: கஸ்டமர் புகாரைப் பதியும் டிக்கெட்டில், 'டெக்னீஷியன் செட் ஹி வில் விசிட் டுடே' என்று எழுதினேன். எங்கள் வேலையின் தரத்தைச் சரிபார்க்கும் க்யூ.ஏ.வில், வுட் வர வேண்டும், இலக்கணப் பிழை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். செம்பூர்க்காரருக்கு நீங்கள் எது சொன்னாலும் எனக்கும் அதுதானா?

இல்லை தம்பி, உன் விஷயம் வேறு. நீ எழுதும்போது அந்த 'இன்று' இன்னும் முடியவில்லை. டெக்னீஷியன் இனிமேல்தான் வர வேண்டும். சொன்னது இன்னும் செல்லுபடியாகிற வரை வில்லை வில்லாகவே விடலாம், எந்த நல்ல இலக்கணமும் இதைப் பிழை என்று சொல்லாது. மினிட்ஸ் பல நாள் கழித்துப் படிக்கப்படுவது, கண்பதியும் முடிந்திருக்கும். அதனால் அங்கே வுட்.

ஆனால் இரண்டும் சரி என்பதால் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதே. கஸ்டமரிடம் 'ஹி செட் ஹி வில் கம்' என்றால் அந்த வாக்கில் உன் குரலும் சேர்ந்துவிடுகிறது. வருவார் என்று நீயும் நம்புகிறாய். 'ஹி செட் ஹி வுட் கம்' என்றால் அது அவர் சொன்னது, அவரோடு. எரிச்சலில் இருக்கும் கஸ்டமர் காதுக்கு, 'வருவதாகத்தான் சொன்னான், எனக்கு என்ன தெரியும்' என்றுகூட விழலாம். ஆகவே போனில், டெக்னீஷியன் வருவது உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் வில் சொல். அவர் ஏற்கனவே இரண்டு தடவை ஏமாற்றியவர் என்றால் வுட் சொல்லிவிட்டு, நீயே மறுபடி அழைப்பதாகவும் சொல். நேரம் தாண்டி அவர் வராமல் போய்விட்டால் வில்லுக்கு இடமே இல்லை. 'ஹி செட் ஹி வுட் கம், பட் ஹி டிட் நாட்.'

உன் டிக்கெட்டில் எனக்கு ஆட்சேபணை டுடே மேல்தான். இரவு ஷிஃப்ட்காரர் அதைத் திறக்கும்போது தேதி மாறியிருக்கும், எந்த இன்று என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'டெக்னீஷியன் கால்ட் அட் 11.40, செட் ஹி வுட் ரீச் பை 2' என்று மணியைப் போட்டு, மேலே தேதியையும் போட்டுவிடு. இப்படி மணி போட்டு எழுதினால் வுட்தான் பொருந்தும், க்யூ.ஏ.வுக்கும் திருப்தி. வெட்டிய மதிப்பெண்ணுக்கு அப்பீல் போடுவதாக இருந்தால், எழுதிய நேரத்தில் டெக்னீஷியன் வரவேண்டிய நேரம் தாண்டவில்லை என்று காட்டு. டிக்கெட்டிலேயே நேரம் பதிவாகியிருக்குமே.